சிறகு உலரும் நேரம்

நுழையும்முன்

ஏரிக்கரைப் பாறையிலோ பட்ட மரக்கிளையிலோ சிறகுகளை அகல விரித்து நிற்கும் கரிய பறவையை நாம் கண்டிருப்போம். கண்டதும் திறன்பேசியை எடுத்துப் படம் பிடிக்கவும் முனைந்திருப்போம். அப்பறவை ஏன் அவ்வாறு நிற்கிறது? நாம் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

கரையில் ஒரு காலை

மார்கழித் திங்களின் ஒரு காலைப்பொழுது. எங்கள் ஊர் ஏரி நிறைந்து, கலிங்கு வழிந்துகொண்டிருந்தது. புதிதாக வாங்கிய ஒளிப்படக்கருவியுடன் கரையில் நின்றேன். நீருக்குள்ளிருந்து சிறிய நீர்க்காகம் ஒன்று தலை தூக்கியது. அதன் அலகில் ஒரு கெண்டை மீன் துடித்தது. மீனைத் தலைப்புறமாகத் திருப்பி விழுங்கியது. பின்னர் கரையோரக் கல்லில் ஏறி, உடலை உதறிக்கொண்டு, இரு சிறகுகளையும் வெயிலுக்கு விரித்தது.

நாற்பது அடி தொலைவில் நின்று முதற்படத்தை எடுத்தேன். பறவை சிறிதாகத் தெரிந்தது, மனம் நிறையவில்லை. மெல்ல முன்னேறினேன். பறவை கழுத்தை நிமிர்த்தி என்னை நோக்கியது. அதை நல்ல தோற்றம் என எண்ணி மகிழ்ந்தேன். மேலும் நெருங்கினேன். அது சிறகுகளைப் பாதி மடக்கியது. இன்னும் ஓர் அடி வைத்தேன். ஈரச் சிறகுகளுடன் நீர்ப்பரப்பை அடித்து அடித்து எழும்பி, எதிர்க்கரை நோக்கிப் பறந்தது. எனக்குக் கிடைத்தது அதன் முதுகு மட்டுமே.

மடை திறக்க வந்திருந்த முதியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது நமக்காகவா நிக்குது சார்? றெக்கை காய வேணாமா?” என்றார். பறவை நூல்கள் சிலவற்றைக் கற்றிருந்த எனக்கு அவ்வினாவுக்கு விடைகூற இயலவில்லை.

பறவையை அறிதல்

தமிழகத்து ஏரிகளிலும் குளங்களிலும் காணப்படும் நீர்க்காகங்களுள் மிகச் சிறியது சிறிய நீர்க்காகம். ஏறத்தாழ 50 செ.மீ. நீளமுடையது. குட்டையான அலகும் நீண்ட வாலும் இதன் அடையாளங்கள். இனப்பெருக்கக் காலத்தில் உடல் பளபளக்கும் கருமை பெறும். தலையின் பக்கங்களில் மெல்லிய வெண்ணிறத் தூவிகள் தோன்றும். பிற காலங்களில் கருமை பழுப்பாக மங்கும். தொண்டை வெளிறித் தெரியும்.

இதன் நான்கு விரல்களும் தோற்சவ்வால் இணைந்தவை. அக்கால்களே நீருள் துடுப்புகளாகின்றன. நுனி வளைந்த அலகு வழுக்கும் மீனைப் பற்றுகிறது. இறகுகளின் புறப்பகுதி நீரை ஏற்பதால் மிதக்கும் தன்மை குறைகிறது, மூழ்குவது எளிதாகிறது. வாத்தின் உடலிலிருந்து உருண்டோடும் நீர், நீர்க்காகத்தின் சிறகில் தங்கிவிடுகிறது. மூழ்குவதற்குத் துணைபுரிந்த ஈரம் பறப்பதற்குச் சுமையாகிறது. எனவேதான் அது கரையேறிச் சிறகு விரிக்கிறது. நாம் அழகிய காட்சி எனக் காணும் அந்நேரம், அதற்கு அடுத்த வேட்டைக்கான ஆயத்த நேரம். அதனைக் கலைப்பது, உழைத்து ஓய்பவரைத் தட்டியெழுப்பி விரட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒளியை அறிதல்

கரிய பறவையைப் படமெடுப்பது எளிதன்று. ஒளிப்படக்கருவியின் ஒளிமானி, தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே ஒளியைக் கணக்கிடுகிறது. மின்னும் நீர்ப்பரப்பு படத்தில் மிகுந்திருந்தால், பறவை வெறும் நிழலுருவாகிவிடும். அப்போது ஒளியளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். பறவையே படத்தை நிறைத்திருந்தால், அதன் கருமை வெளிறிவிடும். அப்போது சற்றுக் குறைக்க வேண்டும். திறன்பேசியில் திரையிலுள்ள பறவையைத் தொட்டு ஒளியளவை அமைத்துக்கொள்ளலாம்.

காலை இளவெயில் நமக்குப் பின்னாலிருந்து பறவையின்மீது விழுமாறு நிற்பது நன்று. தரையோடு தாழ்ந்து அமர்ந்தால், பறவையின் கண்மட்டத்தில் படம் அமையும். நம் உருவமும் அதனை அச்சுறுத்தாது. நிற்கும் பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரம் போதும்; பறக்கும் பறவைக்கு 1000இல் ஒரு பங்கோ அதனினும் குறைவோ தேவைப்படும்.

எல்லையை அறிதல்

கருவியைக் கையாளக் கற்பதினும் கடினமானது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கக் கற்பது. அவ்விடத்தைப் பறவையே நமக்குக் காட்டும். அது கழுத்தை நிமிர்த்தினால் நாம் நின்றுவிட வேண்டும். சிறகை மடக்கினால் பின்வாங்க வேண்டும். கூடு கட்டும் காலத்தில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். தாய்ப்பறவை அஞ்சி விலகிய கூட்டிலிருந்து காகங்கள் முட்டைகளைக் கவர்ந்துவிடும். நிழலின்றிக் குஞ்சுகள் வெயிலில் வாடும். ஒரு படத்திற்காக ஒரு கூட்டை இழப்பது எவ்வகையிலும் தகாது.

தெரிந்து தெளிவோம்

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதிவு செய்தவர். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கான ஒளிப்படக்கருவியைத் தாமே அமைத்துக்கொண்டவர். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வேடந்தாங்கல் காட்டும் வழி

செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் ஏரியில், நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டும் என அவர்கள் முறையிட்டதன் பயனாக, 1798ஆம் ஆண்டிலேயே அன்றைய ஆட்சியரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். 2022இல் இவ்வேரி ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இன்று நாம் அங்கு எடுக்கும் ஒவ்வொரு படத்திற்குப் பின்னும், பறவைகளைத் தம் போக்கில் வாழவிட்ட உழவர்களின் பொறுமை இருக்கிறது.

நிறைவாக

குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர், மீனுக்காகக் காத்து நிற்கும் குருகைக் காதலரின் களவுமணத்திற்குச் சாட்சியாக்குகிறார். அங்கே மனிதர்களுக்குப் பறவை சாட்சி. ஏரிக்கரையில் நிற்கும் ஒளிப்படக்கலைஞரோ பறவையின் வாழ்வுக்குச் சாட்சி. சாட்சி, நிகழ்வில் குறுக்கிடுதல் ஆகாது.

மறு ஆண்டு மார்கழியில் அதே கரைக்குச் சென்று, புதரோரம் தாழ்ந்து அமர்ந்தேன். ஒரு நீர்க்காகம் கல்லில் ஏறிச் சிறகு விரித்தது. இருந்த இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்தேன். சிறகு உலர்ந்ததும் அது தானே நீரில் இறங்கி மூழ்கியது. அப்படத்தில் பறவை சிறிதாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் அதன் ஏரி இருக்கிறது. என் வகுப்பறைச் சுவரில் இன்றும் இருப்பது அந்தப் படமே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நீர்நிலையில் ஒரு பறவையை அரைமணி நேரம் தொலைவிலிருந்து உற்றுநோக்கி, அதன் செயல்களை வரிசைப்படுத்தி எழுதுக.
2. ‘நல்ல படம் என்பது நெருங்கி எடுத்த படமா, பொறுத்து எடுத்த படமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
3. பறவைகளைப் படமெடுப்போர் பின்பற்ற வேண்டிய ஐந்து நெறிகளை உருவாக்கி, வகுப்பறையில் காட்சிப்படுத்துக.