கமக்காரரும் கைக்கத்தியும்

கொத்மலைப் பள்ளத்தாக்கின் வயல்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் தொழில் செய்யும் கமக்காரருக்குக் கத்தி இன்றியமையாத கருவியாகும். நெல் அறுப்பதற்கு அரிவாளும், வரம்பிலும் வேலியிலும் மண்டும் புதரை வெட்டுவதற்கு மன்னாக்கத்தியும், கோவா அறுப்பதற்குச் சிறு கத்தியும் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வோரின் வீட்டிற் கவ்வாத்துக் கத்தியும் இருத்தல் கூடும். ஆயினும், கோபத்திலோ மதுமயக்கத்திலோ ஓங்கப்படின், அக்கருவியே ஆயுதமாகிவிடுகின்றது.

சட்டம் கூறுவது

1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இலங்கையில் இன்றும் நடைமுறையில் உள்ளது. வெட்டவோ குத்தவோ பயன்படும் கருவியாற் பிறருக்குக் காயம் விளைப்பதை, அதன் 315 ஆம் பிரிவு சாதாரண அடிதடியினும் பெரிய குற்றமாகக் கொள்கின்றது. காயம் கடுமையானதாயின் 317 ஆம் பிரிவு பொருந்தும், தண்டனையும் மிகும். கத்தி வயல் வேலைக்கென வாங்கப்பட்டது என்று கூறுவதனாற் குற்றம் நீங்காது.

தன் உயிரையும் உடைமையையும் காக்கும் உரிமையைச் சட்டம் ஏற்கின்றது. எனினும், காவலுக்குத் தேவையான அளவை மிஞ்சிய தீங்கை அது அனுமதிப்பதில்லை. தப்பியோடிய மரக்கறித் திருடனைப் பின்னர் தேடிச் சென்று வெட்டுதல் தற்காப்பு ஆகாது.

2019 ஆம் ஆண்டின் அனுபவம்

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர், வாள்களையும் பெரிய கத்திகளையும் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்குமாறு மே மாதத் தொடக்கத்திற் பொதுமக்கள் கேட்கப்பட்டனர். முறையான தொழிலுக்குப் பயன்படும் கத்திகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கு நேர்மையான உழைப்பாளிக்குப் பாதுகாப்பாகும். தொழிற்கருவியைத் தொழிற்கருவியாகவே வைத்திருப்பவனுக்கே அது உதவும்.

கமக்காரர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கத்தியை வெளியே கொண்டு செல்லும்போது தோல் உறையிலிடுக. அல்லது தடித்த சாக்கிற் சுற்றிக் கட்டுக. பஸ் வண்டியில் இது மிகவும் அவசியம்.

2. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துப் பூட்டுக. கூரை இறப்பிற் செருகி வைக்கும் வழக்கத்தை விடுதல் நன்று. அவ்விடம் சிறுவருக்கும், சினத்துடன் பாய்பவருக்கும் எளிதில் எட்டும்.

3. வயலிலிருந்து கத்தியுடன் திருவிழாவிற்கோ கூட்டத்திற்கோ மதுச்சாலைக்கோ செல்லற்க.

4. குடித்திருப்பவருக்கும் முன்பின் அறியாதவருக்கும் கத்தியை இரவல் கொடுக்கற்க. களவு போயின் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்க.

5. பொலிசார் விசாரித்தால், எவ்வேலைக்காக எவ்விடத்திற்குக் கொண்டு செல்லப்படுகின்றது என்பதை அமைதியாகக் கூறுக. கத்தியைக் கையில் வீசிக்கொண்டு பேசுதல் ஆகாது.

6. வரம்பு, வாய்க்கால் நீர், மேய்ந்த மாடு ஆகியன பற்றிப் பிணக்கு எழுந்தால், முதலிற் கத்தியைக் கீழே வைத்து அப்பாற் செல்லுக. பின்னர் கமக்காரர் அமைப்பிடமோ, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையிடமோ முறையிடுக.

ஒரு வாய்க்காலின் நீர் ஒரு போகத்தில் தவறினால் அடுத்த போகத்தில் வந்து சேரும். ஒரு நொடிச் சினத்தாற் சிந்திய இரத்தமோ மீளாது. வெட்டுண்டவன் குடும்பத்துடன் வெட்டியவன் குடும்பமும் உழைப்பாளியை இழக்கும். ஆதலின், கத்தியின் கூர்மையைப் பேணும் கமக்காரர் அதன் காவலையும் பேணுவாராக.