ஏழைக் குழந்தைகளும் மருத்துவக் காப்பீடும்

இன்ஷூரன்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் முகமே நினைவுக்கு வருகிறது. இறந்த பின் கிடைக்கும் பணம் ஒருபுறம் இருக்கட்டும். பிழைத்திருப்பதற்கே உதவும் காப்பீடும் ஒன்றுண்டு. அதுவே மருத்துவக் காப்பீடு. ஏழை வீட்டுக் குழந்தைக்கு அது எங்கே கை கொடுக்கிறது, எங்கே கை விடுகிறது என்பதைச் சுருக்கமாக ஆராய்வோம்.

காப்பீட்டின் கணக்கு

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளுக்கு இருதயத்தில் பிறவிக் குறை காணப்படும் என்பது மருத்துவர் கணக்கு. எந்த வீட்டுக் குழந்தைக்கு என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆயிரத்தில் எத்தனை என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இவ்வுண்மையே காப்பீட்டின் அடிப்படை. அவர்களில் நால்வருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும், ஒருவருக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எட்டு லட்சம். நான்கு குடும்பங்கள் தனித்தனியே சுமந்தால் நான்கும் கடனில் மூழ்கும். ஆயிரம் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் வீட்டுக்கு 800 ரூபாய்தான். அந்த 800 ரூபாயும் அன்றாடக் கூலிக்காரருக்குப் பெருந்தொகை அன்றோ? ஆகவேதான் அதனை அரசாங்கம் ஏற்கிறது.

ஐவர் என்னும் எல்லை

2008-இல் தொடங்கிய ராஷ்டிரீய சுவாஸ்த்ய பீமா யோஜனா, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்றது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஐவர்க்கு மட்டுமே இடம். தாய், தந்தை, பாட்டி மூவரும் சேர்ந்துவிட்டால் எஞ்சுவது இரண்டு இடம். மூன்று குழந்தைகள் இருந்தால் யார் பெயரை விடுவது? நோய் வருமுன்னே பெற்றோர் இதற்கு விடை கூறவேண்டியிருந்தது!

2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி ஜன ஆரோக்கியத் திட்டம் இவ்வெல்லையை நீக்கியது. குடும்பத்தில் எத்தனை பேர் இருப்பினும், எவ்வயதினராயினும் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. முன்பே இருந்த நோயென்று ஒதுக்குவதும் இல்லை. பிறவிக் குறையோடு பிறந்த குழந்தைக்கு இவ்விதி எவ்வளவு இன்றியமையாதது என்று சொல்ல வேண்டுவதில்லை.

விடுபட்டவை

இத்திட்டம் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. குழந்தைகளுக்கு அடிக்கடி வருவனவோ காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு. இவற்றிற்காக வெளிநோயாளியாகச் சென்று வாங்கும் மருந்தின் செலவு இதில் அடங்காது. சிறு செலவுக்கு அஞ்சிக் காலந்தாழ்த்தினால் சிறு நோய் பெருநோயாகிறது.

நோயைக் கண்டுபிடிக்காமல் காப்பீட்டால் மட்டும் பயனில்லை. 2013-இல் தொடங்கிய ராஷ்டிரீய பால சுவாஸ்த்ய காரியக்கிரமம் இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று, பதினெட்டு வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கட்டட வேலைக்காக ஊர்விட்டு ஊர் செல்வோரின் பிள்ளை எந்த அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும்?

நாம் செய்யக்கூடியது

நம்மைப்போலவே பிழைப்பைத் தேடி இவ்வூருக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலர். ஊரில் எடுத்த அட்டை ஊரோடு சரி என்று எண்ணுவோர் அவர்களில் உண்டு. அது தவறு. ஜன ஆரோக்கியத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பம், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை நாட்டில் எங்கிருந்தாலும் அங்கே சிகிச்சை பெறலாம். பெயர் உள்ளதா, அருகில் எந்த மருத்துவமனை என்பவற்றை 14555 என்னும் எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். மாநிலத் திட்டத்தில் மட்டும் சேர்ந்தோர்க்கு விதி வேறாகலாம். ஆதலால் கேட்டறிந்து சொல்வதே முறை.

இந்தி தெரியாத ஒரு தாய் மருத்துவமனை வாயிலில் திகைத்து நிற்கையில், அவளுக்காக இரண்டு வார்த்தை பேசுவது நமக்குக் கடினமன்று. சங்கத்தில் வாரம் ஒருவர் இப்பணிக்கு முன்வந்தால் போதும். கல்லூரியில் கற்ற கணக்கு ஒரு குழந்தைக்கேனும் உதவட்டும்.