குரல் தெரியும், எழுதியவரைத் தெரியுமா?

நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரலைக் கேட்டறியாத வீடு கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரை இருக்காது. நோன்பு காலத்தில் வானொலியிலும், கலியாண வீட்டு ஒலிபெருக்கியிலும், அக்கரைப்பற்று பஸ்ஸிலும் அந்தக் குரல் வரும். நான் திருக்கோவிலைச் சேர்ந்தவள். எங்கள் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் ரி. எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தேன். தமிழ் படிப்பிக்க உங்கள் பக்கம் வந்த பிறகுதான் ஹனீபாவை ஆறுதலாகக் கேட்கக் கிடைத்தது. இந்த இரண்டு குரல்களும் சேர்ந்து ஒலித்த பாட்டும் இருக்கிறது. 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ பாட்டை இருவரும் இணைந்து பாடினார்கள். எழுதியவர் கண்ணதாசன்.

இஸ்மாயில் முகம்மது ஹனீபா 1925 டிசம்பர் 25ஆம் திகதி இராமநாதபுரத்தில் பிறந்தார். குடும்பத்தின் ஊர் நாகூர். முறையாகச் சங்கீதம் பயின்றவர் அல்லர். சிறுவயதில் பைத்து சபையிலும் கலியாண ஊர்வலங்களிலும் பாடிப் பழகிய தொண்டை அது. ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சத்தில் பாடுவார். ‘இசை முரசு’ என்ற பட்டம் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. இஸ்லாமியப் பாடல்களோடு திராவிட முன்னேற்றக் கழக மேடைகளிலும் பாடினார். தமிழ்நாடு சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். இளையராஜாவின் இசையில் ‘செம்பருத்தி’, ‘ராமன் அப்துல்லா’ போன்ற படங்களிலும் அவர் குரல் உண்டு. 2015 ஏப்ரல் 8ஆம் திகதி சென்னையில் காலமானார்.

அவர் குரலின் பலத்துக்கு ஒரு காரணம் உச்சரிப்பு. ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு சொல்லை இழுத்து இன்னொரு சொல்லுக்குள் கரைக்கமாட்டார். பாட்டை முதன்முறை கேட்பவருக்கும் சொல் விளங்கும். பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் அவர் பாட்டைக் கேட்பது நல்ல பயிற்சி என்று வகுப்பில் சொல்லி வருகிறேன்.

இனி நம் பாடத்துக்கு வருவோம். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ யாருடைய பாட்டு என்று கேட்டால் எல்லோரும் ஹனீபா என்பீர்கள். அதை எழுதியவர் கிளியனூர் இரா. அப்துல் சலாம். தலைப்பாகி நிற்கும் இரண்டு சொற்களில் அந்தக் கவிஞர் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள்.

முதற்சொல் ‘இறைவன்’. திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே வரும் பழந்தமிழ்ச் சொல். எந்த மார்க்கத்தாரும் தம்முடையதென்று ஏற்கும் சொல். பிற சமயத்தவரும் இந்தப் பாட்டைத் தயக்கமின்றிப் பாடுவதற்கு அந்தச் சொல் வழிவிட்டது.

இரண்டாவது ‘கையேந்துங்கள்’. தமிழில் கையேந்துதல் என்றால் பிச்சை கேட்டல்; மானத்தோடு சம்பந்தப்பட்ட சொல். வள்ளுவர் ‘இரவச்சம்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் துஆ கேட்கும்போது முஸ்லிம்கள் உண்மையிலேயே இரு கைகளையும் ஏந்துகிறார்கள். மனிதரிடம் செய்தால் தலைகுனிவாகும் செயல், இறைவனிடம் செய்யும்போது வணக்கமாகிறது. இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்ததனால் பொருள் மாறிவிட்டது. அதிலும் ‘ஏந்து’ என்று ஒருவருக்குக் கட்டளையிடாமல் ‘ஏந்துங்கள்’ என்று எல்லோரையும் மரியாதையோடு அழைக்கிறார்.

இப்படி எழுதியவரின் பெயர் நமக்கு ஏன் தெரியவில்லை? ஹனீபாவுக்குப் பாட்டெழுதிய புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் பெயர்களும் அப்படித்தான் மங்கிப்போயின. கேட்பவர் குரலைப் பிடித்துக்கொள்கிறார். எழுதியவர் பின்னால் நின்றுவிடுகிறார்.

தூரத்து நாடொன்றில் வேறுவிதமாக நடந்தது. ஹனீபா பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1926 ஜனவரி 19ஆம் திகதி, மெக்சிக்கோவில் ஹோசே அல்ஃபிரெடோ ஹிமேனெஸ் பிறந்தார். அவரும் இசை பயிலாதவர். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலை செய்தார். மனதில் வந்த மெட்டை வாயால் பாடிக் காட்ட, தெரிந்தவர்கள் அதை இசைக்குறிப்பாக எழுதிக்கொண்டார்கள். சொல்லும் மெட்டும் குரலும் ஒருவருடையதாக இருந்ததால், 1973இல் அவர் இறந்த பிறகும் அந்தப் பாட்டுகளோடு அவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. எழுதியவரே பாடாவிட்டால், பெயரைக் காப்பது கேட்பவர்களின் பொறுப்பாகிவிடுகிறது.

இது நம் ஊருக்கும் உரிய விடயம். கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் கவி பாடுவதில் பேர்போனவர்கள். நெல் குற்றும்போதும் பிள்ளையைத் தாலாட்டும்போதும் கட்டிய கவிகள் ஆய்வு நூல்களில் ‘நாட்டார் பாடல்’ என்று அச்சாகியிருக்கின்றன. கட்டிய பெண்ணின் பெயர் அனேகமாக அங்கே இல்லை. அவளுக்குப் பெயர் இல்லாமல் இருந்திருக்குமா? கேட்டு எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான். 2004 சுனாமி நம் கரையோர வீடுகளில் வாரிக்கொண்டு போனவற்றில் பாட்டுக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் இருந்தன. எங்கள் வீட்டுக் கொப்பிகளும் அதில் போயின. அம்மாவுக்கு மனப்பாடமாக இருந்தவை மட்டும் மிஞ்சின. அம்மா போன பிறகு அவையும் பாதிதான்.

ஆகவே பிள்ளைகளே, இந்த விடுமுறையில் மூன்று வேலைகள் செய்யுங்கள்.

ஒன்று: உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை எடுத்து, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைத் தேடி எழுதுங்கள். மேடையில் பாடும்போது மூன்றையும் சொல்லுங்கள்.

இரண்டு: அந்தப் பாட்டில் ஒரு சொல்லைத் தெரிந்து, அதன் இடத்தில் வேறொரு சொல்லை வைத்துப் பாருங்கள். எது கெட்டுப்போகிறது என்று ஐந்து வரி எழுதுங்கள்.

மூன்று: மூத்தம்மாவிடம் ஒரு கவி கேளுங்கள். அவர் சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள், ‘திருத்த’ வேண்டாம். யாரிடம் கேட்டுப் பழகினார் என்றும் விசாரித்து, அந்தப் பெயரையும் சேர்த்துக் குறியுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகள் கொப்பியோடு வந்து உட்கார்ந்தால் “படிக்கிற வேலையைப் பார்” என்று எழுப்பிவிடாதீர்கள். அவள் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.