படத்தில் தெரியாத தேய்மானம்

"ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை என்கிறீர்களே, பிறகு ஏன் இவருக்கு இவ்வளவு அசதி?" மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களின் குடும்பத்தார் இவ்வாறு வினவுவது இயல்பு. அதற்கான விடையின் ஒரு பகுதியை இவ்விதழில் காண்போம்.

இந்நோயில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. தாக்குண்ட இடங்கள் எம்.ஆர்.ஐ. படத்தில் பெரும்பாலும் வெண்புள்ளிகளாகத் தெரியும். ஆயினும், வரப்பில் நின்று நோக்குபவருக்குப் பயிரின் பச்சை மட்டுமே தெரியும். மண்ணில் எந்தச் சத்து குறைந்துள்ளது என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். மூளைக்கு அத்தகைய பரிசோதனையே எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபி.

எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டே இது செய்யப்படுகிறது. நீரிலிருந்து வரும் வலிய சமிக்ஞையை அடக்கிவிட்டு, பிற வேதிப்பொருள்களின் அளவைக் கருவி வரைபடமாகக் காட்டுகிறது. அவற்றுள் மூன்று முதன்மையானவை. என்-அசிடைல் அஸ்பார்டேட் பெரும்பாலும் நரம்பணுக்களிலும் அவற்றின் இழைகளிலும் இருப்பது. அவை நலிந்தால் குறையும். கோலின், உறைகள் சிதையும் புதிய புண்களில் கூடும். மயோ-இனோசிட்டால், தழும்பு உருவாகும்போது உயரும்.

கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் டக்ளஸ் அர்னால்டு குழுவினர் 1990களில் நடத்திய ஆய்வுகள் இத்துறைக்கு வழிகாட்டின. அக்காலம் முதல் நடந்த ஆய்வுகள் இரண்டு செய்திகளை உணர்த்தின. ஒன்று, படத்தில் இயல்பாகத் தோன்றும் பகுதியிலும் என்-அசிடைல் அஸ்பார்டேட் குறைந்திருக்கக்கூடும். மற்றொன்று, புதிய புண்களில் குறைந்த அளவு சில மாதங்களில் ஓரளவு மீளவும் கூடும். ஆகவே, குறைவு எல்லாம் நிலையான இழப்பு அன்று.

இப்பரிசோதனை அனைவருக்கும் தேவைப்படுவதில்லை. கருவிக்குக் கருவி அளவுகள் மாறுபடுவதால், இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும், புண்ணா கட்டியா என ஐயம் எழும் சில நேர்வுகளுக்குமே பயன்படுகிறது. சிகிச்சையை அறிகுறிகள், நேரடிப் பரிசோதனை, வழக்கமான எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வார். இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை. எனினும் உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருப்பின் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

சித்திரை வெயிலில் அறிகுறிகள் தற்காலிகமாக மிகுவதுண்டு. உடல் குளிர்ந்ததும் தணியும். புதிய தளர்ச்சியோ பார்வை மங்கலோ 24 மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள்.

இல்லத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: படம் மாறவில்லை என்பதற்காக நோயாளியின் அசதியைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ கருதாதீர்கள். படம் காட்டாத தேய்மானமும் உண்டு.