முதல் பிரதி யாருக்கு?

அரசியல் ஓவியம் விற்காது என்று கவின்கலைக் கல்லூரியில் படிக்கும்போதே சொல்லிவிடுவார்கள். பிள்ளையார், புத்தர் முகம், கோயில் தெரு, தண்ணீர்க்குடத்தோடு ஒரு பெண் என்றால் வரவேற்பறைக்குப் போகும். பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும் மனிதரை யார் சோபாவுக்கு மேலே மாட்டுவார்கள் என்று கேட்பார்கள். சோபா இருக்கும் வீட்டை மட்டும் மனத்தில் வைத்துக் கேட்கிற கேள்வி அது. நான் பல ஆண்டுகளாகச் சென்னையில் லினோகட் அச்சுப் படங்கள் செய்து விற்றுத்தான் வாடகை கொடுக்கிறேன். என் படங்களில் பெரும்பாலானவை சாவைப் பற்றியவை, கூலியைப் பற்றியவை, சாதியைப் பற்றியவை. அவற்றை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் படம் போய்ச் சேர வேண்டும். இந்தத் தொழிலில் இப்போது இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஊடகம். கேன்வாஸ் ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒருவர் வாங்கியதும் அவர் வீட்டுக்குள் போய்விடும். அச்சுப் படம் அப்படியல்ல. லினோலியம் தகடு என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணிமேல் பரப்பியது. வேண்டாத இடத்தை உளியால் எடுத்துவிட்டு, ரோலரால் மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் வந்துவிடும். பிரஸ் இல்லாமலே வாடகை அறையில் செய்யலாம். ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் அச்சுக்கலையைத் தேர்ந்தெடுத்ததற்கு, குறைந்த விலையில் நிறையப் பேரிடம் போகும் என்பது முக்கியமான காரணம். அவருடைய நெசவாளர் எழுச்சிப் படங்களுக்கு 1898இல் நடுவர் குழு பதக்கம் பரிந்துரைத்தது, மன்னர் மறுத்துவிட்டார். பதக்கம் இல்லாமலே அந்தப் படங்கள் உலகம் சுற்றின.

நம் பக்கத்தில் ஓவியர் சித்தப்பிரசாத். 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிட்னாபூர் மாவட்டத்தில் நடந்தே திரிந்து, பார்த்ததை வரைந்து, ‘ஹங்ரி பெங்கால்’ என்று புத்தகமாகப் போட்டார். அச்சிட்ட 5,000 பிரதிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்தாரிடம் தப்பிய ஒரு பிரதியை வைத்துத்தான் பிற்காலத்தில் மறுபதிப்பு வந்தது. ஒரே இடத்தில் குவித்து வைத்தால் ஒரே நாளில் போய்விடும். அதனால் என்னிடம் எந்தப் படமும் கட்டாகக் கிடக்காது. அச்சிட்டுக் காய்ந்ததும் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்கள், சங்க அலுவலகங்கள், நூலகங்கள் என்று சில பிரதிகளை அனுப்பிவிடுவேன்.

படத்தில் தமிழ் எழுத்து வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேலைக்குறிப்பு. தகட்டில் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ‘ப’ மாறியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ‘ட’ உடனே காட்டிக்கொடுக்கும். டிரேசிங் தாளில் எழுதி, திருப்பிப் போட்டு, தகட்டில் பதித்துக்கொள்ளுங்கள். ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். அந்தச் சுழியை நிஜத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தோண்டினால்தான் அச்சில் சரியாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் எண்ணெய் மை காய நாள் பிடிக்கும். கண்காட்சித் தேதி அந்த மாதங்களில் விழுந்தால் புரட்டாசியிலேயே அச்சிட்டு முடித்துவிடுங்கள்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது. யாருடைய வாழ்க்கையைப் படமாக்குகிறோமோ, உளி எடுப்பதற்கு முன் அவரிடம் காட்ட வேண்டும். மலக்குழி மரணங்களைப் பற்றி ஒரு தொடர் செய்தபோது, கணவரை இழந்த ஒரு அக்காவின் வீட்டுக்குப் பென்சில் வரைவுகளை எடுத்துக்கொண்டு போனேன். திறந்த மூடி, கயிறு, இருட்டு. அதுதான் என் வரைவு. அவர் வெகுநேரம் பார்த்தார். “குழி சரியாத்தான் இருக்குது. அவரு எறங்கறதுக்கு முன்னாடி செருப்ப ஓரமா வுட்டுட்டுத்தான் எறங்குவாரு. அத்த போடும்மா” என்றார். ரப்பர் செருப்பு, ஒரு வார் அறுந்து பின்னூசி குத்தியது, வாசலில் விடுவதுபோல ஒழுங்காகச் சேர்த்து வைத்தது என்று அவரே சொன்னார். படத்தில் இப்போது குழி பின்னால் சிறியதாக இருக்கிறது. முன்னால் அந்தச் செருப்பு. கண்காட்சியில் மற்ற படங்களை நடந்துகொண்டே பார்ப்பவர்கள்கூட அந்தப் படத்தின் முன் நின்றுவிடுகிறார்கள். அந்த அக்காவின் பெயரை எங்கும் போடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார், போடவில்லை. முதல் பிரதி அவருக்கு. விற்பனைப் பணத்தில் ஒரு பங்கும் அவருக்கு. அதை முன்கூட்டியே பேசி, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதைத் தருமமாகச் செய்யவில்லை. அந்தச் செருப்பைப் படத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்.

கண்காட்சிக்கு வருவோம். தனிக் காட்சி வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் கனவு. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அரங்கம் வாடகைக்குக் கிடைக்கும். விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். தனியார் கேலரிகள் பொதுவாக விற்பனையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கு அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இடம், விளக்கு, வாங்குபவர் பட்டியல் எல்லாம் அவர்களுடையது. எந்தப் படமாவது அரங்கிலிருந்து இறக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அரசியல் படம் செய்கிறவருக்கு விளக்கைவிட அந்த வரி முக்கியம். எனக்கு ஒரு அரங்கில், பேனர் வரை அடித்து முடித்த பிறகு, திறப்புக்கு முந்தைய நாள் மாலை போனில் “இப்ப வேண்டாம், சூழ்நிலை சரியில்ல” என்று சொல்லி ரத்து செய்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாடகை முன்பணம் திரும்ப வரவும் மாதங்கள் ஆயின. சென்னை லயோலா கல்லூரியில் 2019 ஜனவரியில் நடந்த வீதி விருது விழாவில் வைத்த ஓவியங்களுக்கு எதிர்ப்பு எழுந்ததும் கல்லூரி மன்னிப்புக் கேட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். இடம் கொடுப்பவருக்குப் பயம் வரும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும். மாற்று இடம் ஒன்றை முதலிலேயே பேசி வைத்திருங்கள்.

அந்த ரத்துக்குப் பிறகு அதே படங்களை ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் மாடியில் வைத்தோம். நைலான் கயிறு, மரக் கிளிப், இரண்டு டியூப்லைட், அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து டிபன் டப்பாவோடு வந்தவர்கள் ஒவ்வொரு படத்தையும் மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கயிறு கட்டியிருக்கும் முடிச்சு தப்பு, இந்த முடிச்சில் ஆள் நிற்க மாட்டான் என்று ஒருவர் திருத்தினார். கேலரியில் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச) நடத்தும் கலை இலக்கிய இரவுகள், ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தையொட்டி நடக்கும் வானம் கலைத்திருவிழா, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சி என்று நம்மிடம் இடங்களுக்குக் குறைவில்லை. புத்தகக் காட்சியில் தனிக் கடை எடுப்பது பெரிய செலவு. சிறு பதிப்பகம் ஒன்றோடு பேசி மேசையின் ஒரு முனையைக் கேட்டு வாங்குங்கள். அட்டைப்படம் ஒன்று செய்து கொடுத்தால் அவர்களுக்கும் மகிழ்ச்சி.

படத்தின் பக்கத்தில் வைக்கும் குறிப்பில் உணர்ச்சி வேண்டாம். என் மலக்குழிப் படங்களுக்குக் கீழே இவ்வளவுதான் இருக்கும்: மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் முதலில் 1993இல் வந்தது, பிறகு 2013இல் விரிவான சட்டம் வந்தது, சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சண்டை போட வந்த ஒருவர் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அமைதியாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். இழப்பீடு கேட்கலாம் என்றே தெரியாத ஒரு குடும்பம் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன்.

வழக்கு வருமா என்று கேட்பார்கள். வரலாம். நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றிய கார்ட்டூனுக்காக 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைது செய்யப்பட்டார். அதற்காக வரையாமல் இருக்க முடியாது. அதிகாரத்தில் இருப்பவரின் முகத்தை வரைந்தால், படத்தில் சொல்வதற்கு ஆதாரமான அரசாணை, செய்தி, தீர்ப்பு நகல்களைத் தேதியோடு ஒரு கோப்பில் வைத்திருங்கள். வழக்கறிஞர் ஒருவரின் எண் உங்கள் வீட்டாரிடமும் இருக்கட்டும்.

விலைதான் அதிகக் குழப்பம். நான் ஒரே கருவில் இரண்டு தகடு செதுக்குகிறேன். பெரிய தகட்டை நல்ல பருத்தித் தாளில் 30 பிரதிகள் மட்டும் அச்சிட்டு, கீழே இடது ஓரத்தில் 7/30 என்பதுபோல எண்ணும் வலது ஓரத்தில் கையெழுத்தும் பென்சிலால் போடுவேன். எண்ணிக்கை முடிந்ததும் தகட்டில் குறுக்குக் கோடு கீறிவிடுவேன். இது 5,000 ரூபாய். சிறிய தகடு எண்ணில்லாதது, கேட்கும்வரை அச்சிடுவேன், 400 ரூபாய். அதையே தபால் அட்டையாக ஆஃப்செட்டில் போட்டு 30 ரூபாய்க்கும் தருகிறேன். ஒரே தகட்டில் எண்ணிட்டதையும் எண்ணில்லாததையும் அச்சிட்டு விற்காதீர்கள். 5,000 கொடுத்தவரை ஏமாற்றுவது அது. பெரிய படம் வாங்குபவர்தான் சிறிய படத்தின் விலையைத் தாங்குகிறார், இதை அவரிடமே சொல்லிவிடுவேன். பெரும்பாலானோர் அதைக் கேட்டு மகிழ்ந்தே வாங்குகிறார்கள். தாள், மை, தகடு போக என் கூலியைக் கணக்கிடும்போது, எங்கள் தெருவில் ஒரு தச்சருக்கு என்ன நாள் கூலியோ அதற்குக் குறைவாக வைப்பதில்லை. கூலியைப் பற்றிப் படம் போடுகிறவர் தன் கூலியைச் சுழியமாகப் போட்டால் அந்தப் படம் பொய்.

“இயக்கத்துக்குத்தானே தோழர், சும்மா குடுங்க” என்ற பேச்சு அடிக்கடி வரும். இயக்க நண்பர்கள் கோபிக்க வேண்டாம்: பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் அச்சகத்துக்கும் கொடுப்பதுபோல ஓவியருக்கும் கொடுக்க வேண்டும். போராட்டத் தட்டிக்கு நான் இலவசமாகச் செய்து கொடுப்பதுண்டு; அது நானாகத் தீர்மானிப்பது. வேறு வேலை செய்து பிழைத்துக்கொண்டு அரசியல் படம் செய்வதிலும் இழிவு இல்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது ஓவியர்கள் பாடிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் தங்கள் காலில் நின்றார்கள்.

சட்டத்தில் ஓரிரு செய்திகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை விற்றால் தாள்தான் கை மாறுகிறது. அதை டி-ஷர்ட்டிலோ அட்டையிலோ போடும் உரிமை உங்களிடமே இருக்கிறது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி வரைந்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் பதிப்புரிமை கேட்டவருக்கே போய்விடும். அதனால் ஆர்டர் எடுக்கும்போது ‘பதிப்புரிமை ஓவியருடையது’ என்ற வரியை மெயிலிலாவது எழுதி, ஒப்புதல் வாங்குங்கள். உரிமை போன பிறகும் படத்தைச் சிதைத்தால் கேட்கும் தார்மிக உரிமை ஓவியருக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்துப் போட்டதற்காக அமர்நாத் செகல் வழக்குப் போட்டு, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். மிஞ்சிய துண்டுகளைத் திருப்பித் தரவும் 5 லட்சம் இழப்பீடு தரவும் தீர்ப்பானது.

தாள்களைப் பூஞ்சையிலிருந்து காப்பது, கூரியரில் அட்டைக் குழாயில் சுருட்டி அனுப்புவது, வெளிமாநில விற்பனைக்கு முன் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது ஆகியவற்றை வேலையில் இறங்கினால் ஒரு மழைக்காலத்துக்குள் கற்றுக்கொள்வீர்கள். ரசீதுப் புத்தகம் மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். யார் வாங்கினார், எந்த எண், என்ன விலை என்று எழுதி வையுங்கள். பின்னால் ஒரு படம் எங்கே இருக்கிறது என்று தேட அதுதான் வழி.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் நூலகத்திலோ சங்க அலுவலகத்திலோ பள்ளியிலோ ஒரு சுவர் காலியாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் ஓவியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். காட்சி முடிந்து படங்களைக் கட்டும்போது ஒரு படத்தையாவது அதன் முழு விலைக்கு வாங்கி அந்தச் சுவரிலேயே மாட்டிவிடுங்கள்.