கையால் ஒரு கார்

கார் எங்கே பிறக்கிறது என்று கேட்டால், பெரிய தொழிற்சாலையில் என்று உடனே சொல்லிவிடுவோம். நாலைந்து பேர் ஒரு பட்டறையில் கூடி, குழாயை அறுத்து, வளைத்து, பற்றவைத்துச் செய்யும் கார்களும் உண்டு. நம் திருப்பூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவையில் அத்தகைய கார்கள் உருவாயின. அவற்றைச் செய்யும் முறையைச் சற்று அறிந்துகொள்வோம்.

இந்த ஆசை முதலில் வேரூன்றியது அமெரிக்காவில். 1930-களில் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். மேற்கூரை இல்லாத, இருவர் அமரும் ‘ரோட்ஸ்டர்’ வகைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்தது. மட்கார்டைக் கழற்றினார்கள், முன்கண்ணாடியையும் கழற்றினார்கள். பிறகு எஞ்சினுக்கு வலுவேற்றி, வறண்ட ஏரித் தரைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932-ல் போர்டு கம்பெனி எட்டு சிலிண்டரும் 65 குதிரைத் திறனும் கொண்ட எஞ்சினை எளியவரும் வாங்கும் விலையில் தந்ததும் இந்த ஆர்வம் பெருகியது. இப்படி மாற்றிய கார்களுக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர் வந்தது.

வேகத்திற்காக எதையும் கூட்டுவதற்கு முன்னே அவர்கள் ஏன் கழற்றினார்கள்? விடை நம் கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது. மாருதி 800 காரின் எஞ்சின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 40 குதிரைத் திறன். காரின் எடை ஏறத்தாழ 650 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு குதிரையும் 16 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அதே எஞ்சினை 400 கிலோ எடையுள்ள வண்டியில் வைத்தால் 10 கிலோதான். எஞ்சினைத் தொடாமலேயே வண்டி விரைவாகிவிடும்!

இந்தக் கணக்கை நம் நாட்டில் நன்றாகப் பயன்படுத்திக் காட்டியவர் கோவை எஸ். கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர். சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஓட்டியவர். தாமே கார் கட்டியவர். வெளிநாட்டுப் பந்தயக் கார் நம்மவர்க்கு எட்டாக்கனி என்பதைக் கண்டு, எங்கும் கிடைக்கும் மாருதி எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, ஒருவர் மட்டும் அமரும் காரைச் செய்தார். 1988-ல் வந்த ‘பார்முலா மாருதி’ அதுதான். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணத்தைவிடத் திறமைக்கே அங்கு மதிப்பு. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் அத்தகைய காரில்தான் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார்.

பஞ்சாலை ஊரில் கார் எப்படி என்று வியப்பாக இருக்கிறதல்லவா? வியக்க ஒன்றுமில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் வேண்டும், மோட்டார் வேண்டும். வார்ப்புப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு தோன்றின. அதே மண்ணில்தான் ஜி. டி. நாயுடு 1952-ல் இரண்டாயிரம் ரூபாய் அடக்கத்தில் இருவர் அமரும் பெட்ரோல் காரைச் செய்தார். அரசு உரிமம் கிடைக்காததால் அது சந்தைக்கு வரவில்லை என்பது நமக்கு இன்றும் வருத்தமே.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் சட்டகம். நான்கு குச்சிகளை நூலால் கட்டிச் சதுரமாக்கி ஒரு மூலையை அழுத்துங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டி அழுத்துங்கள், அசையாது. எங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். ஆகவே பந்தயக் காரின் எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைக்கிறார்கள். ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு குழாய் வளைந்து நிற்கும். கார் தலைகீழாய்ப் புரண்டால் தரையில் மோதவேண்டியது அந்தக் குழாய்தான், தலை அன்று. பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் செய்பவருக்குக் காரை ஓட்டப்போவது யார் என்று தெரியாது. சிறு பட்டறையிலோ, ஓட்டப்போகிறவர் பக்கத்தில் நின்றே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிலையில் யார்தான் அரைகுறையாகப் பற்றவைப்பார்?

அடுத்தது மேற்கூடு. இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எளிது, ஏனெனில் பைபர் கிளாஸ் என்பதும் ஒருவகைத் துணியே. கண்ணாடியை மிக மெல்லிய இழைகளாக இழுத்து நெய்திருப்பார்கள். முதலில் காரின் வடிவத்தைச் செய்து, அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். ஒட்டாமலிருக்க அச்சில் மெழுகு பூசி, ரெசினைத் தடவி, கண்ணாடித் துணியை விரித்து, மீண்டும் ரெசின் தடவுவார்கள். உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். குமிழி நின்ற இடம் பலமிழந்துவிடும். இறுகியபின் உரித்தெடுத்தால் மேற்கூடு தயார். எடை குறைவு, துருப்பிடிக்காது.

பின்னலாடைத் துணி ஏன் இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை? பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. இழுத்தால் கண்ணி விரியும். அதனால்தான் உடம்போடு ஒத்துப்போகிறது. நெய்த துணியில் பாவும் ஊடும் ஏறத்தாழ நேராக ஓடுகின்றன. நூல் ஓடும் திசையில் அது எளிதில் நீளாது. இழுப்பைத் தாங்கவேண்டிய இடத்தில் அதுதான் வேண்டும். மூலைவாட்டில் இழுத்தால் நெய்த துணியும் நெகிழும் என்பது தையல் வகுப்பில் நாம் கண்டதே. எனவே, ஓர் அடுக்கை நேராகவும் அடுத்ததைச் சாய்வாகவும் வைப்பார்கள்.

“பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று பெற்றோரில் சிலர் கேட்கக்கூடும். கழுத்துப்பட்டிக்கு அளவெடுத்து அரை அங்குலம் பிசகாமல் வெட்டும் கைக்குக் கண்ணாடித் துணியை வெட்ட வராதா என்ன?

ஒன்றை மறக்கக்கூடாது. கையால் செய்த காரைப் பொதுச் சாலையில் ஓட்டிவிட முடியாது. உரிய சோதனையும் பதிவும் வேண்டும். கம்பெனிக் காரையே நம் விருப்பப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சாலையில் நடப்பவரின் உயிரும் உயிரல்லவா? ஆகவே, இத்தகைய காருக்கு உரிய இடம் பந்தயப் பாதை. கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பாதைக்குக் கரிவர்தன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அங்கே ‘பார்முலா பாரத்’ என்னும் போட்டிக்குப் பொறியியல் கல்லூரி மாணவ மாணவியர் தாங்களே கட்டிய கார்களுடன் வருகிறார்கள். ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. இந்தக் குழாய் ஏன் இங்கே, இதற்கு என்ன செலவு என்று நடுவர்கள் கேட்பார்கள்; விடை சொல்ல வேண்டும். கடைசியில் வரும் நீண்ட ஓட்டந்தான் கடினமானது. ஓராண்டு உழைத்துக் கட்டிய காராயிருந்தாலும், எண்ணெய் ஒழுகுவதைக் கண்டால் கொடி காட்டி நிறுத்திவிடுவார்கள்.