தேங்கிய தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்: டிஷ்வாஷரை நாமே பழுதுபார்க்க

டிஷ்வாஷரின் அடியில் மஞ்சள் கலந்த தண்ணீர் தேங்கி நிற்கிறதா? புது பம்ப் தேடுவதற்கு முன்னால் ஒரு பழைய டம்ளரையும் ஸ்பாஞ்சையும் கையில் எடுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் முறை இப்படி நின்றபோது வந்து பார்த்தவர், "பம்ப் போயிடுச்சு மேடம், போர்டும் போயிருக்கும். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். ஃபில்டரைக்கூட அவர் கழற்றவில்லை. அவர் போன பிறகு தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, ஃபில்டரை எடுத்து, அதற்கடியில் பார்த்தேன். பம்பின் சின்னச் சக்கரத்தை ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு நூல் சுற்றிய மாதிரி மூன்று சுற்று சுற்றியிருந்தது. பக்கத்தில் நான்கைந்து கடுகு. உருவி எடுத்ததும் மெஷின் ஓடியது. அதே பம்ப் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் உழைத்து, அப்புறம்தான் உண்மையிலேயே தேய்ந்தது. அதை நானே மாற்றினேன்.

அடைப்பு வேறு, தேய்மானம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும்.

மெஷினுக்குள் நடப்பது

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரன் 1886 டிசம்பரில் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் பாத்திரம் கம்பித் தட்டில் இருக்கும். வேகமாக வந்து அடிக்கும் தண்ணீர்தான் அழுக்கை எடுக்கும். இன்றைய மெஷினும் அடிப்படையில் அதுதான். இன்லெட் வால்வு திறந்து மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் அடிக்குழிக்குள் வருகிறது. சுழற்சி பம்ப் அதை மேலும் கீழும் உள்ள தெளிப்புக் கைகளுக்குத் தள்ளுகிறது. ஹீட்டர் சூடாக்குகிறது. கழுவி முடிந்ததும் டிரெயின் பம்ப் வெளியே தள்ளுகிறது. அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுழல்வதால்தான் முழு அலசலுக்கும் சேர்த்துப் பத்து லிட்டர் சுமாரில் முடிந்துவிடுகிறது.

எனவே பழுது எந்த இடத்தில் என்று காதே சொல்லிவிடும். தொடங்கியதும் 'ஸ்ஸ்' என்று தண்ணீர் ஏறும் சத்தம் இல்லையென்றால் வால்வுப் பக்கம் பாருங்கள். தண்ணீர் ஏறியும் பாத்திரத்தில் சளசளவென்று அடிக்கவில்லையென்றால் தெளிப்புக் கை அல்லது சுழற்சி பம்ப். கடைசியில் வெறும் 'ம்ம்ம்' என்ற முனகல் மட்டும் கேட்டால் டிரெயின் பம்ப் சிக்கியிருக்கிறது. ஒரு முறை அடுப்பு, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழுச் சுற்றையும் கேளுங்கள்.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, 16 ஆம்பியர் பிளக்கையே உருவி எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயை மூடுங்கள். தகர ஓரங்கள் பிளேடு மாதிரி வெட்டும், கையுறை அவசியம். வாரண்டி இன்னும் இருந்தால் திறக்காதீர்கள், அந்த உரிமையை முதலில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கருவிகள் கொஞ்சம்தான்: டி15, டி20 அளவு நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர்கள், குறடு, டார்ச், பழைய துண்டுகள், ஒரு மல்டிமீட்டர். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் வாங்கலாம். நம் வேலைக்குச் சாதாரண மீட்டரே போதும். ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் போனில் ஒரு படம் எடுங்கள். எங்கள் அம்மா பக்கத்தில் நின்று, "பிரிச்சுட்டுத் திரும்ப மாட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டபோது நான் காட்டியது அந்தப் படங்களைத்தான்.

தண்ணீர் ஏறவில்லை என்றால்

இந்தப் புகாரில் வால்வை மாற்றுவது கடைசி வேலை. குழாயில் மாட்டும் ஹோஸின் முனையைக் கழற்றினால் உள்ளே ஒரு சல்லடை வலை இருக்கும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் அது மணலும் துருவும் பிடித்து அடைந்திருக்கும். குறடால் இழுத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள்.

அடுத்து அழுத்தம். பல மெஷின்களின் கையேடுகள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஒரு பார். அப்படியானால் தொட்டியின் நீர்மட்டம் உங்கள் குழாயைவிட ஐந்து மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே, மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அவ்வளவு கிடைக்காது. எத்தனை வால்வு மாற்றினாலும் அந்தக் குறை தீராது, சின்ன பிரஷர் பம்ப்தான் வழி. சோதிக்க, அந்தக் குழாயில் பத்து லிட்டர் பக்கெட்டை வையுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் குழாயில் குற்றமில்லை.

சில மெஷின்களில் ஹோஸின் குழாய்ப் பக்க முனையில் கனமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் மின்சார வால்வு உண்டு. அந்த ஹோஸை ஒருபோதும் வெட்டி இணைக்காதீர்கள்.

டிரெயின் பம்ப்: அடைப்பா, தேய்மானமா?

அடித் தட்டை எடுத்துவிட்டு, ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகித் தூக்குங்கள். குழியில் நிற்கும் தண்ணீரை டம்ளரால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். உடைந்த கண்ணாடி இருக்கக்கூடும், விரலை அப்படியே விட்டுத் துழாவாதீர்கள். பல மெஷின்களில் குழியின் ஒரு பக்கத்தில் சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும். ஸ்பூன் காம்பை வைத்து நெம்பினால் வந்துவிடும். அதற்குப் பின்னால்தான் சக்கரம்.

இப்போது ஒரு விரலால் அதைச் சுற்றிப் பாருங்கள். நல்ல பம்பின் சக்கரம் வழுவழுவென்று சுற்றாது. உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால் 'டக்... டக்...' என்று விட்டுவிட்டு நகரும். சில பம்புகளில் கொஞ்ச தூரம் தளர்வாக ஓடிவிட்டுப் பிறகு பிடிக்கும். இரண்டும் இயல்பே. இது தெரியாமல் நல்ல பம்பைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. சக்கரம் எந்தப் பிடிப்பும் இல்லாமல் பம்பரம் மாதிரி சுற்றினால் தண்டு உடைந்திருக்கிறது. நகரவே மறுத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது: புளி நார், ஈர்க்கு, பாட்டில் லேபிள். பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடினால் தண்டு உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது. என் பழைய பம்பில் இந்த ஆட்டம்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தபோது சக்கரத்தின் இதழ்கள் சுற்றுச்சுவரில் உரசி, ஓரம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தன.

தேய்மானம் என்று உறுதியானால் மாற்றுங்கள். கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண் முழுவதும் இருக்கும். கடைசியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், அதில்தான் பாகம் மாறும். பம்பின் மேலேயே அதன் எண், வோல்ட், வாட் எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் பொருத்தும் கொக்கி வேறாக இருக்கலாம், எண்ணை ஒத்துப்பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பம்பை எட்டும் வழி மெஷினுக்கு மெஷின் மாறும். சிலவற்றில் பக்கத் தகட்டைக் கழற்றினால் கைக்கெட்டும். சிலவற்றை மல்லாக்கச் சாய்த்து அடித் தகட்டை எடுக்க வேண்டும். சாய்ப்பதாக இருந்தால் தட்டுகளை வெளியே எடுங்கள், உப்பு மூடியை இறுக்குங்கள், துண்டுகளை விரித்துவிட்டு இருவராகச் சேர்ந்து மெதுவாகச் சாயுங்கள். எவ்வளவு ஒற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் கொட்டத்தான் செய்யும். அது மோட்டார், ஒயர் பக்கம் வழியாமல் துண்டை முட்டுக் கொடுங்கள்.

பம்பில் இரண்டு ஒயர்தான். கனெக்டரின் தாழ்ப்பை அழுத்தி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கழற்றியதும் அந்த இரண்டு முனைகளில் மீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட் பம்புகளில் பொதுவாக நூற்றைம்பது, இருநூறு ஓம் அளவில் காட்டும். முடிவிலி காட்டினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. பம்பின் உடலைப் பெரும்பாலும் ஒரு சின்னத் தாழ்ப்பு பிடித்திருக்கும். அதை அழுத்தியபடி திருகினால் கையோடு வந்துவிடும்.

புதியதை மாட்டும் முன் அது உட்காரும் வளையத்தைத் துணியால் துடையுங்கள். ஒரு கடுகு ஒட்டியிருந்தாலும் கசியும். ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு பாத்திர சோப்பைத் தடவினால் வழுக்கி உட்கார்ந்துவிடும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். இந்த மாதிரி இடங்களில் வரும் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். தாழ்ப்பு 'கிளிக்' என்று பூட்டும் சத்தம் கேட்கும்வரை திருகுங்கள். குழிக்குள் இருக்கும் அந்தச் சின்ன மூடியை மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் பம்ப் சுற்றும், தண்ணீர் போகாது.

கதவோரக் கசிவு

தரையில் தண்ணீர் கண்டதும் ரப்பரைக் குறை சொல்வது வழக்கம். முதலில் நுரையைப் பாருங்கள். கையால் கழுவும் லிக்விடை இதில் ஊற்றினால் நுரை பொங்கிக் கதவு வழியே வழியும், எந்த ரப்பரும் தடுக்காது. நுரை இல்லாமலே கசிந்தால் ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். மீண்டு வராமல் தட்டையாகவே கிடந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது.

பல மெஷின்களில் இதற்குத் திருகோ பசையோ கிடையாது, வெறும் பள்ளத்தில் செருகியிருப்பார்கள். ஒரு மூலையில் பிடித்து உரித்தால் வந்துவிடும். பள்ளத்தில் படிந்த கசடைத் தேய்த்துக் கழுவுங்கள். புது ரப்பர் பெட்டிக்குள் மடங்கியே இருந்திருக்கும், வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் மடிப்பு நீங்கும். மேல்பக்கத்தின் நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமும் மூலையை நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். இழுக்கக் கூடாது. இழுத்து மாட்டினால் அன்றைக்குச் சரியாகத் தெரியும், பத்து நாளில் சுருங்கி முனையில் இடைவெளி விடும். கதவின் அடியில் தனியாக இன்னொரு ரப்பர் உண்டு. அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

தெளிப்புக் கையும் ஹீட்டரும்

தெளிப்புக் கையின் துளைகளைக் குத்திவிட விளக்குமாற்றுத் தென்னை ஈர்க்கைவிட நல்ல கருவி இல்லை. ஊசி, கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். கையின் நடுத்துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, கை சாய்ந்து பாத்திரத்தில் இடித்தால் புதியது வாங்குங்கள். மாட்டுவது ஒரு நிமிட வேலை.

ஹீட்டர் அப்படியில்லை. பாத்திரம் சில்லென்று வெளியே வந்தால் பிளக்கை எடுத்துவிட்டு ஹீட்டரின் இரண்டு ஒயர்களையும் கழற்றி அளங்கள். 1800 வாட் ஹீட்டர் 29 ஓம் சுமாரில், 2000 வாட் ஹீட்டர் 26 ஓம் சுமாரில் காட்ட வேண்டும். அடுத்து ஒரு முனைக்கும் மெஷினின் உலோக உடலுக்கும் நடுவில் அளங்கள். அங்கே இணைப்பே காட்டக் கூடாது. காட்டினால் மின்கசிவு. மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் அடிக்கடி விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆர்சிசிபியைத் தாண்டி இணைத்து மெஷினை ஓட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. இப்போதைய பல மெஷின்களில் ஹீட்டரும் சுழற்சி பம்பும் ஒரே பாகம், விலையும் அதிகம். அந்த இடத்தில் மட்டும் மெஷினின் வயதைப் பார்த்து முடிவெடுங்கள்.

மெஷினின் அடித் தகட்டின் மேல் ஒரு தெர்மகோல் மிதவை இருக்கும். கசிந்த தண்ணீர் அங்கே சேர்ந்தால் அது எழும்பி மெஷினை நிறுத்தி, டிரெயின் பம்பை ஓயாமல் ஓடவைக்கும். தண்ணீரைத் துடைத்து, கசிவு எங்கிருந்து என்று தேடுங்கள். மிதவையை டேப் ஒட்டி அமுக்கிவைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

பாகம் கிடைக்குமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, டிஷ்வாஷரின் கதவு ரப்பர், தெளிப்புக் கை, வடிகட்டி, தட்டுகள் போன்றவற்றை அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் பத்து ஆண்டுகள் பொதுமக்களுக்குத் தர வேண்டும். பம்ப், ஹீட்டர் போன்றவற்றைப் பழுதுபார்க்கும் தொழில்முறையாளர்களுக்கு ஏழு ஆண்டுகள் தர வேண்டும். நம் நாட்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. ஐரோப்பாவைப் போல நமக்கும் சட்டக் கட்டாயம் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பம்புக்காக ஐம்பது கிலோ இரும்பையும் பிளாஸ்டிக்கையும் காயலான் கடைக்கு அனுப்புவது மனசுக்கு ஆகவில்லை.

பாகங்கள் சீக்கிரம் தேயாமல் இருக்க உப்புப் பெட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பிசின் மணிகள் தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்துவைக்கின்றன; அவற்றைப் புதுப்பிப்பது அந்த உப்பு. இதற்கென விற்கும் பரல் உப்புதான் போட வேண்டும், சமையல் தூள் உப்பு கட்டிதட்டும். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்து மெஷினில் அந்த அளவை அமையுங்கள். ஆய்வுக்கூடம் பிபிஎம்மில் எண் தரும், ஜெர்மன் டிகிரிக்கு மாற்ற 17.8-ஆல் வகுக்கவும்.

சோதனை ஓட்டம்

மெஷினை நிமிர்த்துங்கள், ஆனால் அடித் தகட்டையும் பக்கத் தகட்டையும் மாட்டிய பிறகே பிளக்கைச் சொருகுங்கள். முன்பக்கக் கால்தகடு மட்டும் திறந்திருக்கட்டும். குழிக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மெஷினுக்கு அடியில் காய்ந்த செய்தித்தாளை விரியுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டமாகத் தெரியும். பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பழைய சுற்று ரத்தாகி முதலில் தண்ணீரை வெளியேற்றும். சிங்க்கடியில் 'களக்' என்று தண்ணீர் விழும் சத்தம் வந்தால் பம்ப் வேலை செய்கிறது. பாத்திரம் இல்லாமல் ஒரு முழுச் சூட்டுச் சுற்று ஓட்டுங்கள். சூட்டில்தான் ரப்பர் வளையத்தின் குறை வெளிப்படும்.

மெஷினைச் சுவரோடு தள்ளும்போது டிரெயின் ஹோஸ் மடங்காமல் பின்னால் ஒரு கை விட்டுப் பாருங்கள். இரவு முழுக்கத் தாள் அப்படியே கிடக்கட்டும். காலையில் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் கால்தகட்டை மாட்டிவிடலாம்.